டேட்டாஸ்டோர் கணக்கில் ரேமையும் கூட்டுங்கள்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் விஎம்வேரில், அவற்றின் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோருக்கு எத்தனை ஜிபி தேவை என்று பார்க்கும்போது, பலரும் விஎம்களின் டிஸ்க் அளவைக் கூட்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரு விஎம்மை ஆன் செய்ததுமே, அதன் ரேம் அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் (ரேம் போதாதபோது பயன்படுவது) வழக்கமாக அதே ஃபோல்டரில் வந்து உட்காரும். (ரேமை அந்த விஎம்முக்கென்றே ஒதுக்கி ரிசர்வ் செய்திருந்தால் அந்த அளவுக்குக் குறையும்.) 10 விஎம், தலா 100 ஜிபி டிஸ்க், 16 ஜிபி ரேம் என்றால் தேவை 1,000 அல்ல, 1,160 ஜிபி. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும், ஆக, 1.5 டிபியாகவே கேட்டு வாங்குங்கள்.

அந்தக் காலியிடம் முக்கியமாக ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது பின்னால் திரும்பிவர வசதியாக விஎம்மின் அப்போதைய நிலையைப் பதிந்துவைப்பதற்கு. பேட்ச் போடுமுன் எடுத்துவிட்டு அப்படியே மறந்துபோவதுதான் எங்கும் நடப்பது. விட்டுவைத்தால் மூல டிஸ்க் அளவுக்கே வளரும். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. போதாக்குறைக்கு, அது இருக்கும்வரை டிஸ்க்கைப் பெரிதாக்கவும் முடியாது.

எழுத எழுத மட்டுமே இடம் எடுக்கும் தின் டிஸ்க் சிக்கனம்தான், சரி. ஆனால் டேட்டாஸ்டோர் நிரம்பிவிட்டால், எழுத இடம் கிடைக்காத விஎம்கள் அப்படியே நின்றுவிடும். 75 சதவீதத்தில் வரும் எச்சரிக்கையைத் தொந்தரவு என்று அணைத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஓஎஸ்ஸுக்கு ஒரு டிஸ்க், டேட்டாவுக்குத் தனி டிஸ்க். ஒரே டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன் போட்டால், பின்னால் முதலாவதைப் பெரிதாக்க இரண்டாவது வழிமறிக்கும். முதலில் சின்னதாகவே கொடுங்கள். பெரிதாக்குவது சில நிமிட வேலை, சுருக்குவது பெரும்பாடு.