டொரண்டோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெண்ணுக்கு: முதல் வருடத்தில் செய்ய வேண்டியவை

காயல்பட்டினமோ கீழக்கரையோ கல்முனையோ, எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் சரி, கல்யாணமாகி டொரண்டோ பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் முஸ்லிம்கள் கிட்டத்தட்ட 18 லட்சம் பேர். தெற்காசியர்கள் அதைவிடவும் அதிகம். நம்மைப் போல யாருமே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனாலும் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பள்ளிவாசலுக்குப் போனால் பெண்கள் பகுதியில் பேச்செல்லாம் உருதுவில் ஓடும், உருது தெரியாது என்றதும் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் எப்போது இஸ்லாத்துக்கு வந்தீர்கள் என்று அன்பாகவே கேட்பார். தமிழ்க் கடையில் முக்காட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் விலை சொல்வார்கள், நாம் தமிழில் பதில் சொன்னதும் "அட, நல்லா தமிழ் பேசுறீங்களே" என்பார்கள். வெளியே மற்றவர்களிடமிருந்து பொத்தாம்பொதுவாக 'பாகிஸ்தானியா, அரபியா' என்ற கேள்வி வரும்.

இந்த மூன்று தரப்புக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லியே சிலர் களைத்துப்போகிறார்கள். என் கருத்து, விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் பெயரில் காகிதமும் கணக்கும் இருக்கட்டும், தனியாகப் போய்வரத் தெரியட்டும், போனால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இரண்டு இடமாவது இருக்கட்டும். அதற்குப் பிறகு அதே கேள்விகள் வந்தாலும் இவ்வளவு வலிக்காது.

பெயரில் ஆரம்பியுங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வாப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கலாம், அல்லது அதில் வாப்பாவின் பெயரோ மாப்பிள்ளையின் பெயரோ ஏறியிருக்கும். இங்கே வந்ததும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், "மிஸ் அப்துல் காதர்" என்று வாப்பாவின் பெயரால் கூப்பிடும்போது எழுந்திருக்கவே தோன்றாது. இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். வங்கி, சுகாதார அட்டை, சின் எண் (சமூகக் காப்புறுதி எண்), பிள்ளையின் பள்ளி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஓரிடத்தில் பாத்திமாவுக்கு ஓர் எழுத்து, இன்னோரிடத்தில் வேறு எழுத்து என்றிருந்தால் குடியுரிமை விண்ணப்பம் வரைக்கும் துரத்தும். அப்புறம், கூப்பிட வேண்டிய பெயர் எது என்று தயங்காமல் சொல்லுங்கள். அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஜைனபை 'ஜேன்' ஆக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வேலை விண்ணப்பத்தில் பெயரால் பாதிப்பு உண்டு என்பது உண்மைதான். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் ஆங்கிலப் பெயர் உள்ளவற்றுக்குக் கூடுதல் அழைப்பு வருகிறது என்று டொரண்டோவிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அழைப்பு வரவில்லை என்றால் உங்கள் படிப்பைச் சந்தேகிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 'கனடா அனுபவம்' இருந்தால்தான் வேலை என்று கேட்பதும் முதல் பார்வையிலேயே பாகுபாடுதான் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது.

காகிதம், காசு

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களை வீட்டுக்குள் பயமுறுத்தி வைப்பது பெரும்பாலும் இந்த விஷயத்தில்தான்.

"நான் நினைத்தால் உன் பி.ஆரை (நிரந்தர வசிப்புரிமையை) ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று யாராவது சொன்னால், அது நடக்காது. ஸ்பான்சர் செய்யப்பட்ட மனைவி இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2012ல் கொண்டுவரப்பட்டது உண்மை, 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். நேர்மையாக நடந்த கல்யாணத்தின் பேரில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டால், கணவரைப் பிரிந்தாலும் அது உங்களுடையது. ஐந்து வருடத்தில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால் அதைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இன்னும் பி.ஆர். கிடைக்காத நிலையில் வீட்டில் வன்முறை என்றால் அதற்கென்றே தனியான தற்காலிக அனுமதி 2019 முதல் இருக்கிறது, கட்டணமும் கிடையாது. பாஸ்போர்ட், பி.ஆர். அட்டை, கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நான்கையும் போட்டோ எடுத்து உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லாத நல்ல வீட்டிலும் இதைச் செய்துவைப்பது நல்லதுதான்.

கல்யாணச் சான்றிதழ் என்றதும் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டை நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டத்தின்படி எந்த மதக் கல்யாணமானாலும் அரசிடம் பதிய வேண்டும், அந்தச் சான்றிதழ்தான் இங்கே செல்லும். இன்னும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் விமானம் ஏறும் முன் வாங்கிவிடுங்கள். இங்கேயே நிக்காஹ் நடக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே நகராட்சியில் திருமண உரிமம் எடுக்க வேண்டும், நடத்திவைக்கும் இமாம் ஒன்டாரியோ அரசிடம் பதிவு பெற்றவரா என்று கேட்க வேண்டும். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், நல்ல இமாம்கள் அவர்களாகவே உரிமத்தைக் கேட்பார்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் தனியாக ஒன்று இருக்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் கனடா குழந்தைகள் உதவித்தொகை பொதுவாகத் தாயின் பெயரில்தான் வரும், ஏனென்றால் ஒரே வீட்டில் பெற்றோர் இருவரும் இருந்தால் பிள்ளையைப் பிரதானமாகப் பார்த்துக்கொள்பவர் தாய் என்றே வரித்துறை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும். வருமானமே இல்லை என்றாலும் வருடா வருடம் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தத் தொகை நின்றுவிடும். சுகாதார அட்டைக்கு முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பும் 2020ல் போய்விட்டது, வந்த வாரமே விண்ணப்பியுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வீட்டை விட்டு வெளியே

காயல்பட்டினம், கீழக்கரை, கிழக்கிலங்கை ஊர்களில் கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டிலேயேதான் இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். வீடே பெண்ணுக்குத்தான். அடுத்த வீட்டில் பெரியம்மா, எதிர் வீட்டில் லாத்தா, முடுக்கு வழியாகப் போனால் மாமி. அப்படி வளர்ந்த பெண் இங்கே பதினான்காவது மாடியில் தனியாகக் கிடக்கும்போது அழுகை வந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாமியார் வீட்டுக்குப் போய் வாழ்ந்து பழகிய ஊர்ப் பெண்களைவிட நாம் இழந்தது கூடுதல். வீட்டுக்காரரிடமும் இதை இப்படியே எடுத்துச் சொல்லுங்கள், பல ஆண்களுக்கு இது தோன்றியிருக்கவே செய்யாது.

செய்ய வேண்டியது: முதல் மாதத்திலேயே நூலக அட்டை. டொரண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, பல கிளைகளில் ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டங்கள் நடக்கும், புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டும் அலுவலர்களும் சில கிளைகளில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அடுத்தது லிங்க் வகுப்பு, பி.ஆர். உள்ளவர்களுக்கு அரசு நடத்தும் இலவச ஆங்கில வகுப்பு. உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும் என்றாலும் ஒரு மூன்று மாதம் போய்வரச் சொல்வேன், சிரியாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்காருவது அங்கேதான். பஸ்ஸில் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, அதனால் பிள்ளையைக் காரணம் காட்டி வீட்டில் இருக்க வேண்டாம். ஊரில் வண்டி ஓட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வை முதல் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். ஊரில் உரிமத்தோடு ஓட்டிய அனுபவம் இல்லாதவர்கள் அதிலிருந்து ஜி2 சாலைத் தேர்வுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி எடுத்தால் 8 மாதம், ஆகவே தள்ளிப்போட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

பள்ளிவாசல்

ஊரில் பெண்கள் தொழவும் ஓதவும் தனியாகத் தைக்கா இருந்தது, இங்கே அப்படித் தனியாகக் கிடைக்காது. ஸ்கார்பரோவில் நகட் அவென்யூவில் உள்ள இஸ்லாமிக் ஃபவுண்டேஷன் மாதிரிப் பெரிய இடங்களும் இருக்கின்றன, கடைத்தொகுதிக்குள் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்ன முசல்லாக்களும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும்போது இமாம் யார், என்ன பேசுகிறார் என்பதற்கு முன்னால் பெண்கள் பகுதியைப் போய்ப் பாருங்கள். வாசல் எங்கே, ஒளுச் செய்ய இடம் உண்டா, பயான் காதில் விழுகிறதா, பிள்ளை அழுதால் முறைக்கிறார்களா. ஓரிடம் சரிப்படவில்லை என்றால் மார்க்கத்தையே விட்டு ஒதுங்கிவிடாதீர்கள், அடுத்த இடம் பாருங்கள். நேரமும் பழக வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே மஃரிப் தொழுகை நேரம் வந்துவிடும், ஜூனில் ஒன்பதைத் தாண்டித்தான். வேலையிடத்தில் தொழ இடமும் இடைவேளையும் கேட்கலாம், முதலாளிக்குத் தாங்க முடியாத சிரமம் இல்லாத வரை இடம்கொடுக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு, அதையே ஈமெயிலிலும் போட்டு வையுங்கள்.

ரமலானில் ஒரு நாள் நோன்புக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். சமோசாவும் பக்கோடாவும் பிரியாணியும் பரப்பியிருக்கும் விரிப்பில் நம் கஞ்சியும் இருக்கட்டும். தமிழ் முஸ்லிம்கள் யாராவது அந்த ஊரில் இருந்தால் அன்றைக்குக் கண்டுபிடித்துவிடலாம்.

முக்காடும் பயமும்

முக்காடு போடுவதா, எடுப்பதா, புதிதாகப் போட ஆரம்பிப்பதா என்ற முடிவை முதல் குளிர்காலத்தில் எடுக்க வேண்டாம். பஸ்ஸில் யாரோ முறைத்ததாலும் எடுக்க வேண்டாம், பள்ளிவாசலில் ஒரு பெரியவர் கண்டித்ததாலும் போட வேண்டாம். அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது, மனம் நிதானமாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் படமானாலும் பி.ஆர். அட்டைப் படமானாலும் முகம் முழுதும் தெரிந்தால் போதும், மார்க்கக் காரணத்துக்காகத் தலை மூடியிருக்கலாம். மிசிசாகாவில் வாழ்ந்த பாகிஸ்தானியப் பெண் சுனேரா இஸ்ஹாக், நிகாபோடு குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் உரிமைக்காக வழக்குப் போட்டு 2015ல் வென்றார். யார் என்று சரிபார்க்க முகத்தைத் தனியாகப் பெண் அதிகாரியிடம் காட்ட அவர் முதலிலிருந்தே தயாராகத்தான் இருந்தார்.

ஆனால் கியூபெக் வேறு. 2019ல் வந்த 21ஆம் சட்டத்தின்படி அங்கே அரசுப் பள்ளி ஆசிரியைகள் வேலையில் முக்காடு போட முடியாது. நீங்கள் பி.எட். முடித்தவர், வீட்டுக்காரருக்கு மாண்ட்ரியலில் வேலை கிடைக்கிறது என்றால், சம்மதம் சொல்லும் முன் இதைப் பேசி முடிவெடுங்கள்.

பயம் கற்பனை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். 2021 ஜூனில் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் சாயங்காலம் நடக்கப் போன ஒரு குடும்பத்தின் மேல், முஸ்லிம்கள் என்பதற்காகவே வண்டியை ஏற்றினான் ஒருவன். பாட்டி முதல் பேத்தி வரை நான்கு பேர் போய்விட்டார்கள். இதற்காக நடக்காமல் இருக்க முடியாது. முக்காட்டை இழுத்தாலோ திட்டினாலோ நாளும் நேரமும் பஸ் எண்ணும் குறித்துவைத்துப் போலீஸில் சொல்லுங்கள், 'இதெல்லாம் சகஜம்' என்று வீட்டில் சொன்னாலும் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் 911. பேசவும் தங்கவும் வழி தேடினால், சமூக உதவிகளுக்கு வழிகாட்டும் 211 எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். நிசா ஹோம்ஸ் முஸ்லிம் பெண்களையும் பிள்ளைகளையும் தங்கவைக்கிறது, தெற்காசியச் சட்ட உதவி மையமான சால்கோ வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. மனம் சரியில்லை, வெளியே சொல்ல முடியவில்லை என்றால் நசீஹா என்ற முஸ்லிம் உதவி எண் இருக்கிறது.

தமிழும் பிள்ளைகளும்

தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் போங்கள். ஜனவரி இங்கே தமிழ் மரபு மாதம், அக்டோபர் இஸ்லாமிய மரபு மாதம், இரண்டும் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டவை, இரண்டும் உங்களுடையவை. ஜனவரியில் பிள்ளையின் பள்ளியில் பொங்கல் கோலம் மட்டும் வைக்கிறார்கள் என்றால் ஆசிரியரிடம் போய் உமறுப் புலவரைப் பற்றியும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய நம் பாட்டிமார்களைப் பற்றியும் பத்து நிமிடம் பேச இடம் கேளுங்கள். பள்ளி வாரியங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் பிள்ளையைச் சேருங்கள். ஓதப் போகும் வகுப்பில் மற்ற பிள்ளைகள் உருது பேசுவதால் நம் பிள்ளை வீட்டில் 'உம்மா' என்பதை விட்டு 'அம்மி' என்று கூப்பிட ஆரம்பிக்கும், கண்டிக்க வேண்டாம், நீங்கள் உம்மா என்றே பதில் சொல்லிக்கொண்டிருங்கள்.

கடைசியாக, கொஞ்சம் காலூன்றிய பிறகு செய்ய வேண்டியது. எட்மன்டனில் 1938ல் எழுந்த அல் ரஷீத், கனடாவின் முதல் பள்ளிவாசல். அதற்கு நிலம் கேட்டு மேயரிடம் பேசியதிலும் கடை கடையாக ஏறி நிதி சேர்த்ததிலும் முன்னால் நின்றவர் ஹில்வி ஹம்தான் என்ற லெபனான் பெண். டொரண்டோவின் தார்ன்கிளிஃப் பார்க்கில் குடியேறிய பெண்கள் சபீனா அலி தலைமையில் ஒரு குழுவாகச் சேர்ந்து, பாழாகிக் கிடந்த ஆர்.வி. பர்ஜெஸ் பூங்காவை நகராட்சியோடு மல்லுக்கட்டி மீட்டு, சந்தை நடத்தி, நடுவில் ஒரு தந்தூர் அடுப்பே கட்டவைத்தார்கள். உங்கள் கட்டடத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்தால் போதும், எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும். பூங்காவில் இடம் வேண்டும், சமூகக் கூடத்தில் அறை வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை, எதுவானாலும் நகராட்சியின் 311 எண்ணுக்கு அழைத்துத் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவருவார்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பத்து நாளில் பதில் இல்லை என்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடியும் அழையுங்கள்.