மழலையர் கல்விச் சான்றிதழுக்கு முன் அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட முன் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டினால், படிப்பின் சில பாட அலகுகளை (பாடப் பகுதிகளை) மறுபடி படிக்காமலே முடித்ததாகக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். அதற்கு விண்ணப்பிக்கும் முன்பே படிப்பின் பாட அலகுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வோர் அலகுக்கும் நேராக உங்களிடமுள்ள ஆதாரத்தைக் குறியுங்கள். பலருக்கும் இடறுவது அனுபவக் கடிதத்தில்தான். 'நன்றாகப் பணியாற்றினார்' என்ற வரியை வைத்து உங்கள் ஆதாரங்களைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வயதுப் பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எதுவரை, டயப்பர் மாற்றுவது முதல் விளையாட்டுத் திட்டமிடுவது வரை என்னென்ன வேலை என்பதெல்லாம் மேற்பார்வையாளர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒரு பிள்ளையைக் கவனித்து நீங்களே எழுதிய குறிப்பு இருந்தால் இன்னும் வலு. நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் அனுமதி வாங்கி, பிள்ளையின் பெயரை அழித்துவிட்டுக் கொடுங்கள். முதலுதவிச் சான்று காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். சொந்தப் பிள்ளைகளை வளர்த்தது மட்டும் பொதுவாகப் போதாது. ஆதாரம் இல்லாத அலகுகளைத் தனியே படித்து முடிக்கலாம்.