'ஃபுல்' எங்கே சரி, எங்கே சறுக்கும்?

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சொல்லும் 'பஸ் ஃபுல்' ஆங்கிலத்திலும் செல்லும்: 'தி பஸ் இஸ் ஃபுல்'. 'கூட்டத்தால் நிறைந்த' என்று சொல்ல வரும்போதுதான் சறுக்கல். நம்ம 'ஆல்' உருபை மனதில் வைத்து 'ஃபுல் வித்' போட்டுவிடுகிறோம். 'ஃபுல் ஆஃப் பீப்பிள்' என்பதே சரி. 'வித்' வேண்டுமானால் 'ஃபில்ட் வித்'.

மதுரையில் கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று 'நைட் ஃபுல்லா தூங்கல' என்பதற்கு 'ஃபுல் நைட்' வேண்டாம், 'ஆல் நைட்' போதும்.

இலை மடக்கியபின் 'ஐ ஆம் ஃபுல்' என்றால் வயிறு நிறைந்தது. (நம்மூர் 750 மி.லி. 'ஃபுல்' வேறு கணக்கு!)

எழுதும்போது: தனிச்சொல்லுக்கு இரண்டு 'எல்'. 'கேர்ஃபுல்' போல ஒட்டி வந்தால் ஒன்றுதான். 'கேர்ஃபுல்லி' ஆனால் மறுபடி இரண்டு.