நெடுந்தூரம் ஓடுவோர் இதயத்தைக் கவனித்துக்கொள்ளும் முறை

ஆண்டுக்கணக்கில் மாரத்தான் பயிற்சி செய்பவரின் இதய அறைகள் சற்றே விரிவடைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியே தள்ளுவதால், அவருடைய நாடித்துடிப்பு ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு 50க்கும் கீழே இறங்குவதுண்டு. சுவீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899இலேயே, பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து இந்த விரிவைக் கண்டறிந்தார். பெரும்பாலோரிடம் இது நோயன்று. உழைப்புக்கு ஏற்ப இதயம் தன்னை மாற்றிக்கொண்டதன் அடையாளம்.

ஆனாலும் பயிற்சியின் அளவு மிகும்போது துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். சுவீடனின் 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியை 1989 முதல் 1998 வரை முடித்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அதிக முறை கலந்துகொண்டவர்களிடமும் விரைவாக முடித்தவர்களிடமும் துடிப்புச் சீரின்மை கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே நாடி பார்க்கும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் இடையில் தாறுமாறாக விழும் துடிப்புகள் கவனத்துக்குத் தப்பிவிடும். வழக்கத்தைவிட எண்ணிக்கை தொடர்ந்து கூடியிருந்தால் பயிற்சியைக் குறையுங்கள். தாளம் தப்பித் துடித்தால் இசிஜி எடுத்துப் பாருங்கள். கைக்கடிகாரம் காட்டுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

நாற்பது வயதைக் கடந்து ஓடத் தொடங்குபவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருப்பவர்களும், பயிற்சிக்கு முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. வைரஸ் தொற்று இதயத் தசையையும் பாதித்திருந்தால், அந்த ஓட்டமே உயிருக்கு ஆபத்தாகலாம். பந்தயத்துக்குக் கட்டணம் செலுத்திவிட்டோமே என்று எண்ணிக் காய்ச்சலோடு ஓடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், கண் இருட்டுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் திடீரென நின்றது. எண்ணிக்கை மிகக் குறைவுதான். ஆனால் பெரும்பாலான நிகழ்வுகள் பந்தயத்தின் கடைசிக் கால் பகுதியில் நேர்ந்தவை என்பதால், இறுதிக் கிலோமீட்டர்களில் திடீரென வேகத்தைக் கூட்டாதீர்கள்.

மாரடைப்பைக் கண்டறிய அளக்கப்படும் டிரோபோனின் என்னும் புரதம், பந்தயம் முடிந்தபின் இரத்தத்தில் உயர்வது வழக்கம். பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அது தணிந்துவிடும். ஆதலால் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி இருந்தால் ஓட்டத்தால் வந்தது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். களைத்த இதயத்தின் வலது கீழறை பழைய நிலைக்குத் திரும்பச் சிலருக்கு ஒரு வாரம் வரை ஆகும் என்பதால், அந்த வாரத்தில் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுடன் ஓடும் குழுவினர் அனைவரும் மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர் முதலுதவியைக் கற்றிருப்பது அவசியம். அந்த 59 பேரில் உயிர் பிழைத்தவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது, அருகிலிருந்தவர்கள் தாமதமின்றி மார்பை அழுத்தத் தொடங்கியதே.