ஸ்டார்ட்யூ வேலி: முதல் வருடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்ட்யூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டைப் பெங்களூரு மெட்ரோவில் நின்றபடியே கைபேசியில் விளையாடும் நம் பிள்ளைகள் பலர். விளையாட்டில் ஒரு நாள் நமக்கு ஏறக்குறைய 14 நிமிடம். அல்சூரில் ஏறினால் ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் இரண்டு நாள் வெள்ளாமையைப் பார்த்துவிடலாம். தாத்தா விட்டுப்போன பண்ணை, பக்கத்தில் பெலிக்கன் டவுன் என்ற சிற்றூர். தோற்கவே முடியாத இந்த விளையாட்டையும் அலுவலக இலக்கைத் துரத்துவதுபோல் ஆடி, ஒரே வாரத்தில் அலுத்துப்போகிறார்கள். அவசரம்தான் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

முதல் நாளே பண்ணை முழுவதையும் திருத்தக் கிளம்பாதீர்கள். தொடக்கத்தில் நம் தெம்பு 270 புள்ளிதான். கோடரி வீச வீச அது கரைந்துவிடும். ஊர் மேயர் லூயிஸ் தரும் 15 பார்ஸ்னிப் (கேரட் போன்ற கிழங்கு) விதைகளுக்கு வேண்டிய இடத்தை மட்டும் கொத்துங்கள். மரங்கள் நிற்கட்டும், பின்னால் உதவும்.

பட்டம் தவறி விதைப்பதுதான் பெரிய நஷ்டம். ஒவ்வொரு பருவமும் சரியாக 28 நாள். பருவம் மாறிய காலையில் பழைய பயிர் பட்டுப்போய் நிற்கும். காலிஃபிளவர் விளைய 12 நாள் ஆகும்; வசந்தத்தின் 16ஆம் தேதிக்குப் பிறகு ஊன்றினால் விதைக் காசு வீண். என் அத்தை மகன் 20ஆம் தேதி கையிலிருந்த பணத்தையெல்லாம் காலிஃபிளவரில் போட்டான். கோடையின் முதல் நாள் பாத்தி முழுக்கச் சருகு. ஆறே நாளில் விளையும் உருளைக்கிழங்கு போட்டிருந்தால் ஒரு அறுவடையாவது கண்டிருப்பான். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இந்தக் கணக்கு நமக்குக் கைவர வேண்டாமா?

வசந்தத்தின் 13ஆம் தேதி நடக்கும் முட்டைத் திருவிழாவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஸ்ட்ராபெரி விதை அங்கேதான் விற்பனைக்கு வரும், ஒன்று 100 பொற்காசு. 16ஆம் தேதிக்குள் ஊன்றினால் அந்த வசந்தத்திலேயே இரண்டு முறை பறிக்கலாம். விதை விற்கும் பியரின் கடைக்கு முதல் வருடத்தில் புதன்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூவாளியை மேம்படுத்தக் கொல்லர் கிளின்டிடம் கொடுத்தால் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைக்கும். தொலைக்காட்சியில் நாளை மழை என்று சொல்லும் நாளில், பயிருக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். பயிர் வாடாது.

விளைந்ததையெல்லாம் அன்றே விற்பதும் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பாழடைந்த சமுதாயக் கூடத்தைப் புதுப்பிக்க அவை வேண்டும். ஊரில் பல்பொருள் அங்காடி நடத்தும் ஜோஜா நிறுவனத்தில் 5,000 பொற்காசுக்கு உறுப்பினரானால் அந்தக் கூடம் கிடங்காகிவிடும், திரும்பப் பெற வழியில்லை. சிலருக்கு அது குறுக்குவழி. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடும் என்று கேள்விப்பட்டுப் பதறுகிறவர்களும் உண்டு. மதிப்பெண் குறைந்தால் அவருடைய நினைவிடத்தில் ஒரு வைரத்தை வையுங்கள். அன்றிரவே மறுபடி வந்து பார்ப்பார், எத்தனை முறை அழைத்தாலும்.