காலையில் அலை, மதியம் ஸ்பானிஷ்

தனியாகப் போய் சர்ஃபிங்கும் ஸ்பானிஷும் கற்க நினைத்தால், என் தேர்வு பெரு நாட்டின் உவாஞ்சாக்கோ. த்ருஹீயோ நகரத்துக்குப் பக்கத்தில், மீனவர்கள் இன்றும் கோரைப் படகில் அலையேறி வரும் கடற்கரை ஊர். ஹம்போல்ட் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் தண்ணீர் நன்றாகவே குளிரும். உடலைக் குளிரிலிருந்து காக்கும் வெட்சூட் உடை இல்லாமல் இறங்காதீர்கள். காற்று வலுக்கும் முன் காலையில் கடல், மதியத்துக்கு மேல் மொழி வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதல் நாளே சில சொற்கள்: தாப்லா என்றால் பலகை, மரேயா என்றால் ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது), ஓலா என்றால் அலை. வணக்கம் சொல்லும் 'ஓலா'வுக்கும் இதே ஒலிதான்! கடலில் இறங்குமுன் கரையில் இருப்பவரிடம் "ஆய் கொர்ரியெந்தே?" என்று கட்டாயம் கேளுங்கள். "நீரோட்டம் இருக்கிறதா?" என்று பொருள். துணைக்கு ஆளில்லாதபோது இந்தக் கேள்வியை ஒருநாளும் விடக்கூடாது.