பென்டிரைவில் பாட்டு: வரிசை குலையாமல் ஏற்றுவது எப்படி?

மண்டபம் ஊரில் நான், பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பன், கீழக்கரையில் ஒரு கடைக்காரர், தேவிபட்டினத்தில் ஒரு டீச்சர். மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து பாட்டு கொடுப்போம். இருபதையும் ஒரே பென்டிரைவில் ஏற்றிச் சுற்றுக்கு விடுவது என் வேலை. கடலுக்குள் போனால் சிக்னல் கிடைக்காது என்பதால் இணையப் பட்டியல் படகுக்காரனுக்கு உதவாது.

ரசனைகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டீச்சருக்குக் கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன். படகுக்காரனுக்கு ஆட்டம் போட வைக்கும் இலங்கைப் பைலா. எனக்கு ஜாஸ். கடைக்காரர் ஜமைக்காவின் ரெகே இசையும் கொடுப்பார், நாகூர் ஹனிபாவும் கொடுப்பார். ஹனிபா பிறந்தது இராமநாதபுரத்தில் என்று எங்களுக்குச் சொன்னதே அவர்தான்.

முதலில் பென்டிரைவை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறையில் வரும். பழைய ப்ளேயர்கள் அதைப் படிக்காது. ஐந்து நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் 12 எம்பிதான். இருபது பாட்டுக்கு 240 எம்பி. மேசையில் கிடக்கும் 8 ஜிபியே தாராளம்.

பிறகு கோப்புப் பெயர்களின் முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். டீச்சர் ஆலாபனையை ஒரு கோப்பாகவும் அதைத் தொடர வேண்டிய கீர்த்தனையை அடுத்த கோப்பாகவும் கொடுத்திருந்தார். கரைக்கு வந்ததும் படகுக்காரன் போன் செய்தான்: "என்ன மாப்பிள்ளை, ராகம் பாடி முடித்ததும் பைலா அடிக்கிறது?"

பல மலிவான ப்ளேயர்கள் பெயரையோ எண்ணையோ பார்ப்பதில்லை. எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதுதான் அவற்றுக்கு முதல் பாட்டு. மொத்தமாக இழுத்துப் போட்டால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றாக நகலெடுங்கள், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. பழைய பாட்டை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால், அது காலியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மாதாமாதம் ஃபார்மட் செய்வதே நல்லது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேட்சார்ட் என்ற கருவி நொடியில் முடித்துவிடும். எனக்குக் கையால் போடத்தான் பிடிக்கிறது. போடும்போதே எதற்குப் பின் எது என்று யோசிக்க முடிகிறது.

நகலெடுக்கும் முன் எம்பி3கெயின் என்ற மென்பொருளில் ஒலி அளவைச் சமன் செய்துவிடுங்கள். அதில் முதலிலிருந்தே உள்ள 89 டெசிபலை நான் மாற்றுவதில்லை. இதைச் செய்யாவிட்டால் பழைய கச்சேரிக்காகக் கூட்டி வைத்த சத்தம், அடுத்த பாட்டில் காதைப் பிளக்கும்.

பின்சேர்ப்பு: பாட்டு இருபதுதான், ப்ளேயர் நாற்பது காட்டுகிறது என்று தொண்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மேக் கணினியில் ஏற்றியிருக்கிறார். அந்தக் கணினி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்றாக, புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் மறைகோப்புகளைச் சேர்த்துவிடும். விண்டோஸில் செருகி, மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி அழித்துவிடுங்கள். வரிசை மாறாது.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் படகுக்காரன் கரையில்தான் இருப்பான். அந்த மாதங்களில் ஜாஸைக் குறைத்துக்கொள்கிறேன். நேரில் வந்து திட்டுகிறான்.